கற்ற வித்தையே முதற் கொடை

ஜூலை மாதம் முதல் தேதி என்றால், நம் மாவட்டத் தலைநகரங்களில் உள்ள முதியோர் இல்லங்களும் குழந்தைகள் காப்பகங்களும் காலையிலேயே வாசல் தெளித்துக் கோலமிட்டு விருந்தினரை எதிர்நோக்கியிருக்கும். டாக்டர் பி. சி. ராயின் பிறந்தநாளாகிய அந்தத் தேதியை மருத்துவர்கள் தங்கள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். 1949-இல் தங்களுக்கென்று சட்டப்படி ஒரு நிறுவனம் அமைந்த நாள் என்பதால் ஆடிட்டர்களும் அதே தேதியைக் கொண்டாடுகிறார்கள். செப்டம்பர் 15-இல் விசுவேசுவரய்யாவை நினைந்து பொறியாளர்களும், டிசம்பர் 3-இல் ராஜேந்திர பிரசாத்தை நினைந்து வக்கீல்களும் விழா எடுக்கிறார்கள். அந்தந்தச் சங்கத்தின் தலைவரும் காரியதரிசியும் பொருளாளரும் அங்கத்தினர் சிலரும் அன்று புறப்பட்டு, அரிசி மூட்டையும் போர்வையும் நோட்டுப் புத்தகங்களும் கொண்டுபோய்க் கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்கும் பணம் கட்டிவிட்டு வருவது நல்லதொரு சம்பிரதாயமாக நிலைபெற்றுவிட்டது.

இந்தச் சம்பிரதாயத்தைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை. தம் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து முன்பின் அறியாதவர்களுக்குக் கொடுக்கிற மனம் எங்கே இருந்தாலும் அது வணக்கத்துக்கு உரியதே. எனினும், கல்வியாலும் அனுபவத்தாலும் சமூகத்தில் உயர்ந்த ஸ்தானம் பெற்றிருக்கிற இந்தச் சங்கங்கள், தங்களிடம் உள்ள மிகப் பெரிய செல்வத்தைப் பெட்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு, யாரும் கொடுக்கக்கூடிய பொருளை மட்டும் கையில் எடுத்துச் செல்கின்றன என்று நெடுநாளாகவே எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அரிசியை மளிகைக் கடைக்காரரும் கொடுப்பார். கல்யாண வீட்டாரும் கொடுப்பார்கள். அயல்நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளை தகப்பனாரின் திவசத்துக்குப் பணம் அனுப்பியும் கொடுக்கச் செய்வான். ஆனால் சிக்கலாகிக் கிடக்கும் கணக்கைச் சீர்செய்து தரவும், தகராறில் இருக்கும் நிலத்தின் பத்திரங்களைப் படித்துப் பார்த்து வழிசொல்லவும், விரிசல் கண்ட சுவர் இன்னும் எத்தனை மழையைத் தாங்கும் என்று நிர்ணயிக்கவும் அந்தந்த வித்தையைப் பயின்றவரைத் தவிர வேறு யாராலும் இயலாது. தொழில்வல்லுநர் சங்கம் ஒன்று தன் ஊரிலுள்ள தர்ம ஸ்தாபனங்களுக்குச் செய்யும் உதவியில் அந்தத் தொழிலின் வித்தையே முதற்கண் இடம்பெற வேண்டும்; அதுவும் வருஷத்தில் ஒரு நாள் என்றில்லாமல் வருஷம் முழுவதும் கிடைக்க வேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

தொழில் செய்வோர் கூட்டமாகச் சேர்ந்து பொதுக் காரியங்களைத் தாங்குவது நமக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில், கடல் கடந்து இன்றைய தாய்லாந்தின் தகுவாபாவில் வெட்டப்பட்ட ஒரு குளத்தை மணிக்கிராமம் என்னும் வணிகர் சங்கத்தின் பாதுகாப்பில் ஒப்படைத்ததாகத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கூறுகிறது. குளத்தை வெட்டுவது ஒரு முறை நிகழும் புண்ணியம். அதைத் தூர்ந்துபோகாமல் காப்பது தலைமுறை தலைமுறையாகச் செய்யவேண்டிய காரியம் என்பதை அறிந்தே அந்தப் பொறுப்பை ஒரு சங்கத்திடம் விட்டார்கள். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வீரராஜேந்திர சோழனின் காலத்துக் கல்வெட்டு பதினைந்து படுக்கைகள் கொண்ட ஓர் ஆதுலர் சாலையைப் பற்றி விவரிக்கிறது. வைத்தியருக்கு என்ன, அறுவை செய்பவருக்கு என்ன, மூலிகை கொண்டுவருவோருக்கு என்ன, நோயாளிகளைப் பேணும் பெண்டிருக்கு என்ன என்று ஒவ்வொருவருக்கும் உரிய நெல்லும் காசும் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியல்கூட அதில் உண்டு. தர்மம் என்பது திறப்பு விழாவோடு முடிந்துவிடாது, மறுநாள் காலையிலிருந்துதான் அதன் செலவும் சிரமமும் தொடங்குகின்றன என்ற ஞானம் அந்தக் கல்வெட்டை வெட்டுவித்தவர்களுக்கு இருந்தது. இன்று நம் சங்கங்கள் மேற்கொள்ள வேண்டுவதும் அந்த மறுநாள் காலையின் பொறுப்பைத்தான்.

சிறிய தர்ம ஸ்தாபனங்களின் உள்நிலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதன் அவசியம் எளிதில் விளங்கும். நான் நன்கு அறிந்த ஓர் இல்லத்தில் ஆதரவற்ற முதியோர் நாற்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். அங்கே ஒரு தகர அலமாரியின் மேல்தட்டு முழுவதும் உறை பிரிக்காத போர்வைகள். கீழ்த்தட்டில், சணல் கயிற்றால் வருஷவாரியாகக் கட்டிய ரசீதுப் புத்தகங்கள். அவற்றில் ஒன்றைப் பிரித்தால், பக்கத்துக்குப் பக்கம் "ஒரு நலம்விரும்பி, ரூபாய் ஐந்தாயிரம், ரொக்கம்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். எழுதிய அம்மையாரின் நேர்மையில் அணுவளவும் குறை இல்லை. வந்த காசு ஒவ்வொன்றும் அடுப்படிக்கும் மருந்துக்கும்தான் போயிற்று. ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அந்த ஒரு வரியில் இரண்டு குறைகள் உண்டு. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு வரிவிலக்கு இல்லை. பெயரும் முகவரியும் பதியாத நன்கொடைகள் ஓர் எல்லையைக் கடந்தால், அந்த மிகுதிக்கு ஸ்தாபனமே முப்பது சதவீதம் வரி கட்ட நேரிடும். இதை அந்த அம்மையாருக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. சங்கத்தார் வந்த நாட்களில் ஆடிட்டர்கள் அந்த அலமாரிக்கு இரண்டடி தூரத்தில் நின்றுதான் போர்வை வழங்கினார்கள். ரசீதுப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று கேட்க அவர்களுக்குத் தோன்றவில்லை, காட்டலாம் என்று அந்த அம்மையாருக்கும் தோன்றவில்லை.

இது ஓர் இல்லத்தின் கதை மட்டுமன்று. முன்பெல்லாம் 12ஏ, 80ஜி என்று சொல்லப்படும் வருமான வரிப் பதிவுகளை ஒருமுறை வாங்கிவிட்டால் அவை நிலைத்து நின்றன. 2021 ஏப்ரலிலிருந்து ஏற்பட்ட மாறுதலினால், குறித்த காலத்துக்கு ஒருமுறை அவற்றைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். நன்கொடையாளர் ஒவ்வொருவரின் விவரத்தையும் ஆண்டுதோறும் இணையவழி தாக்கல் செய்தால்தான் அவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க முடியும். சங்கமாகப் பதிவு செய்துகொண்ட ஸ்தாபனம், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, பொதுக்குழுவைக் கூட்டிப் பதிவாளருக்கு ஆண்டறிக்கையும் அனுப்பவேண்டும். பெரிய கம்பெனிகள் தங்கள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிடவேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் விதித்ததனால் நாட்டில் பெருந்தொகை புழங்குகிறது என்பது மெய்தான். ஆனால் அந்தத் தொகையைப் பெறுவதற்கு, தொழில்முறைக் கணக்காளர் அல்லது கம்பெனிச் செயலர் ஒருவர் சான்றளித்த தனிப் பதிவு ஒன்று ஸ்தாபனத்துக்கு வேண்டும். ஆகவே, நன்றாகக் கணக்கு எழுதத் தெரிந்த பெரிய ஸ்தாபனங்களுக்கே மேலும் மேலும் பணம் சேர, உண்மையாக உழைத்தும் ஏட்டை ஒழுங்காக வைக்கத் தெரியாத சிறிய இல்லம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஓர் ஆடிட்டர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே போய் உட்கார்ந்து, வவுச்சர் எழுதுவது எப்படி, ரசீதில் பான் எண் ஏன் வேண்டும், எந்தத் தேதிக்குள் எதைத் தாக்கல் செய்யவேண்டும் என்று கற்றுக்கொடுப்பாரானால், அந்த உபகாரத்தின் பயன் அவர் வாழ்நாளில் வாங்கிக் கொடுக்கக்கூடிய எல்லா அரிசி மூட்டைகளையும் விஞ்சி நிற்கும்.

வக்கீல்களின் விஷயத்தில் சட்டமே ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி கிடைக்கச் செய்வது ராஜ்யத்தின் கடமை என்று அரசியல் சாசனத்தின் 39ஏ பிரிவு கூறுகிறது. 1987-இல் இயற்றிய சட்டம் 1995 நவம்பர் 9-இல் அமலுக்கு வந்ததிலிருந்து, தாலுகா வரையில் சட்டப்பணிக் குழுக்கள் ஏற்பட்டிருக்கின்றன. வறியவர்களுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் தம்மால் இயன்ற அளவு கட்டணமின்றி உதவுவது வக்கீலின் உயர்ந்த கடமைகளில் ஒன்று என்று இந்திய பார் கவுன்சிலின் விதிகளும் சொல்கின்றன. இவ்வளவு இருந்தும், தனி மனிதரின் வழக்குக்குக் கிடைக்கிற உதவி, அந்த மனிதரைத் தாங்குகிற இல்லத்துக்குக் கிடைப்பது அரிதாயிருக்கிறது. ஒரு பெரியவர் மனமுவந்து இல்லத்துக்கு நிலம் கொடுப்பார். வாய்வார்த்தையாகவே கட்டடமும் எழும்பிவிடும். அவர் காலமான பின், தானப் பத்திரமும் பட்டா மாறுதலும் இல்லாத காரணத்தால், வாரிசுகள் வந்து நிற்கும்போது இல்லத்தார் செய்வதறியாமல் திகைப்பார்கள். கொடுத்த அன்றைக்கே ஒரு வக்கீல் வில்லங்கச் சான்றைப் பார்த்துப் பத்திரத்தை எழுதித் தந்திருந்தால் வாராமல் போயிருக்கக்கூடிய துன்பம் அது.

அறிவுசார் குறைபாடு உடைய பிள்ளைகளின் சிறப்புப் பள்ளிகளில் வேறொரு தேவை இருக்கிறது. அந்தப் பிள்ளை பதினெட்டு வயது கடந்த பின், பெற்றவர்களாயினும் அவன் பொருட்டு வங்கியிலும் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் கையெழுத்திடச் சட்டப்படியான பாதுகாவலராக நியமனம் பெறவேண்டியிருக்கிறது. இதற்கென்றே 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்டந்தோறும் கலெக்டரைத் தலைவராகக் கொண்ட குழு உண்டு. தங்கள் காலத்துக்குப் பின் இவனுக்கு யார் என்ற கவலையிலேயே உறக்கம் இழந்த தாய்தந்தையரில் பலர், இப்படியொரு வழி இருப்பதையே அறியார்கள். வக்கீல் சங்கத்து இளைஞர் இருவர் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒரு மத்தியான வேளையில் விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தால், எத்தனை குடும்பங்களின் நெஞ்சுப் பாரம் இறங்கும்!

மருத்துவர்களிடமிருந்து மற்ற சங்கங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது மிகுதி. ஏனெனில் தங்கள் வித்தையையே கொடையாகக் கொடுக்கும் வழக்கம் அவர்களிடம் பழகிப்போன ஒன்று. 1958-இல் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி சென்னை அடையாறில் தோற்றுவித்த வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ், ஊதியம் கருதாது வந்து நோயாளிகளைப் பார்த்த கௌரவ மருத்துவர்களின் உழைப்பில் வளர்ந்தது. 1976-இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமந்தோறும் நடத்திய முகாம்களில் வேலைப் பிரிவினையை வெகு தெளிவாக வைத்துக்கொண்டது: ஊரிலுள்ள அரிமா சங்கம் போன்ற அமைப்புகள் இடமும் விளம்பரமும் உணவும் ஏற்பாடு செய்யும், கண்ணைப் பார்ப்பது மருத்துவமனையின் பொறுப்பு. இலவசமாக அறுவை செய்தாலும், பஸ் கட்டணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லாதவர்கள் வருவதில்லை என்பதைக் கண்டு, அவற்றையும் மருத்துவமனையே ஏற்றது. முகாமுக்கு வருபவர்கள் தேவையுள்ளோரில் மிகச் சிறு பகுதியினரே என்று ஆராய்ந்தறிந்த பின், முகாம்களோடு நின்றுவிடாமல், ஆண்டு முழுதும் திறந்திருக்கும் சிறு பார்வை மையங்களை நிறுவியது. சேவை செய்பவரின் வசதிக்கு ஏற்ற நாளில் நடப்பது முகாம். நோயாளிக்குத் தேவை ஏற்பட்ட நாளில் கைக்கெட்டுவது மையம். நம் சங்கங்களின் சேவையும் முகாம் என்ற நிலையிலிருந்து மையம் என்ற நிலைக்கு உயரவேண்டும்.

பொறியாளர் சங்கங்களைப் பற்றிச் சொல்லும்போது என் மனம் கனக்கிறது. 2001 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஏர்வாடியில், சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த மனநோயாளிகளின் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. இவற்றில் குற்றமும் அலட்சியமும் இருந்தன. அதை விசாரிக்க நீதிமன்றங்களும் கமிஷன்களும் இருந்தன. ஆனால், அடுப்புக்கு மேல் கீற்றுக்கூரை இருக்கலாமா, நூறு பேர் இருக்கும் மாடிக்குக் குறுகிய படிக்கட்டு ஒன்று போதுமா, வெளியேறும் கதவைப் பூட்டி வைக்கலாமா என்பதைச் சொல்ல விபத்து நிகழவேண்டிய அவசியம் இல்லை. கட்டடக் கலை கற்ற ஒருவர் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். ஊர்கள் பலவற்றில் கட்டடப் பொறியாளர் சங்கம் இருக்கிறது. அதன் அங்கத்தினர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மழைக்காலத்துக்கு முன்பாக, தங்கள் ஊரிலுள்ள எல்லா இல்லங்களையும் சுற்றிப் பார்த்து, கூரை, சுவர், மின்கம்பி, எரிவாயு உருளை, மாடிப்படி ஆகியவற்றைப் பரிசோதித்து, எதை உடனே செய்யவேண்டும், எது பொறுக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். சக்கர நாற்காலியை வாங்கிக் கொடுப்பவர்கள் பலர். ஆனால் அந்த நாற்காலி ஏறுவதற்குரிய சரிவுப் பாதையில் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும் என்பதை அறிந்து கட்டிக் கொடுக்கக் கூடியவர் பொறியாளரே.

இவ்விடத்தில் புகைப்படங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். காப்பகத்துக் குழந்தைகளின் கையில் பையைக் கொடுத்து, அவர்களைச் சுற்றி நின்று படம் எடுத்து, அதைப் பத்திரிகைக்கும் வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்புவது இன்று சாதாரணமாகிவிட்டது. பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிய குழந்தையின் பெயரையோ படத்தையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது என்று 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் தடை செய்திருக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையும் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், நாளை அந்தக் குழந்தை வளர்ந்து, வேலைக்கும் கல்யாணத்துக்கும் போகும்போது, அநாதையாக நின்று வாங்கிய படம் அதன் பின்னால் தொடரவேண்டுமா? வாங்குபவரின் கௌரவத்தைக் காப்பதும் கொடுப்பதில் ஒரு பகுதியே. வித்தையைக் கொடுக்கும் சேவையில் இந்தத் தொல்லை இயல்பாகவே குறைந்துவிடுகிறது.

இந்த யோசனைக்குச் சில ஆட்சேபங்கள் எழலாம். எங்களுக்கு நேரம் ஏது என்று கேட்பார்கள். தணிக்கைக் காலத்தில் ஆடிட்டர்களும், வெளிநோயாளிகள் குவியும் வேளையில் மருத்துவர்களும் படும் பாட்டை நான் அறிவேன். ஆனால் இருநூறு பேர் கொண்ட சங்கத்தில் ஒவ்வொருவரும் மாதத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால், சங்கத்தின் கையில் மாதம் நானூறு மணி நேரம் சேர்கிறது. தனி மனிதரின் சிறு அவகாசத்தைப் பெரும் பலமாக மாற்றுவதற்காகவே அல்லவா சங்கம் என்று ஒன்று இருக்கிறது? ஓர் இல்லத்தின் கணக்கை எழுத உதவியவரே அதைத் தணிக்கையும் செய்வது முறையாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. முறையாகாது, எழுத உதவுபவர் ஒருவர், தணிக்கை செய்பவர் வேறொருவர் என்று சங்கமே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். ஸ்தாபனங்கள் தங்கள் ஏடுகளை வெளியாரிடம் காட்டத் தயங்குமே என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். தயங்கும்தான், ஆனால் ஒருநாள் வந்து போகிறவரிடம் இருக்கும் தயக்கம், மாதந்தோறும் வருகிறவரிடம் நீடிப்பதில்லை. சில இடங்களில் அந்தத் தயக்கத்துக்கு வேறு காரணம் இருக்குமானால், அதையும் சங்கம் அறிந்துகொள்வது நன்கொடையாளர்களுக்கே நன்மை.

பொருளுதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிசியும் மருந்தும் என்றைக்கும் வேண்டும். ஆனால் என்ன வேண்டும் என்று முதலில் கேட்டுவிட்டுக் கொடுக்கவேண்டும். போர்வை குவிந்து கிடக்கும் இல்லத்தில், முதியோருக்கான டயபர் வாங்கப் பணமின்றி நிர்வாகி கடன்படுவதும், இனிப்புப் பெட்டிகள் நிறைந்த அலமாரிக்கு எதிரில் சர்க்கரை வியாதிக்காரர்கள் படுத்திருப்பதும், கேட்காமல் கொடுத்ததனால் நேர்ந்த நிலைமைகள்.

ஆகவே, ஒவ்வோர் ஊரின் தொழில்வல்லுநர் சங்கத்தையும் நான் வேண்டிக்கொள்வது இது. அடுத்த பொதுக்குழுவில் ஐந்து பேர் கொண்ட ஒரு சேவைக் கமிட்டியை நியமியுங்கள். ஊரிலுள்ள இல்லங்களையும் பள்ளிகளையும் நேரில் கண்டு, அவர்களின் தேவைகளைக் கேட்டு எழுதுங்கள். அங்கத்தினர் இருவருக்கு ஓர் இல்லம் என்று ஓர் ஆண்டுக்குப் பிரித்து ஒப்படையுங்கள். இருவரில் ஒருவர் அனுபவசாலியாகவும் மற்றவர் புதிதாகத் தொழிலுக்கு வந்தவராகவும் இருப்பது உசிதம். வரவுசெலவுக் கணக்கைப் படிப்பது போலவே, ஆண்டு முடிவில் அந்தச் சேவையின் அறிக்கையையும் பொதுக்குழுவில் படியுங்கள். செய்ய முடியாமற்போனதையும் அதில் மறைக்காமல் சொல்லுங்கள். ஆடிட்டர் சங்கமும் வக்கீல் சங்கமும் மருத்துவர் சங்கமும் பொறியாளர் சங்கமும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு கலந்து வேலை செய்யுமானால், ஒரே நாளில் ஒரே இல்லத்துக்கு இரண்டு விருந்தும் மற்றோர் இல்லத்துக்கு ஒன்றுமில்லாமையும் நேராது.

தொழில் என்பது சமூகம் ஒருவருக்குக் கொடுத்த அதிகாரம். கணக்கில் கையெழுத்திடவும், நீதிமன்றத்தில் எழுந்து பேசவும், உடலைக் கத்தியால் தொடவும், கட்டடம் ஸ்திரமானது என்று சான்றளிக்கவும் எல்லோருக்கும் விடப்படாத உரிமையை இந்தச் சிலருக்கு மட்டும் சமூகம் ஒதுக்கி வைத்திருக்கிறது. அந்த உரிமைக்கு ஈடாக, அதற்குக் கட்டணம் கொடுக்க இயலாதவர்களின் வாசலுக்கும் அந்த வித்தை போய்ச் சேரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே. இதற்கு நிதி திரட்ட வேண்டியதில்லை. அரசாங்கத்தின் உத்தரவுக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானமும், அதன்பின் மாதத்துக்கு இரண்டு மணி நேரமும் போதும்.